ஆடி, அமாவாசை, அடைமழை: பிரசவ வார்டு எப்போது நிரம்பி வழியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் கர்ப்பமாக இருந்தால் தேதி பற்றிய பேச்சுக்குக் குறைவே இருக்காது. டாக்டர் ஒரு தேதி சொல்வார், பாட்டி விரல் விட்டு எண்ணி வேறொரு தேதி சொல்வார், மாமியார் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். கூடவே, "அந்த மாசம் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா?" என்ற கவலையும் எழும். உறவினர்களும் நண்பர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்டவற்றைக் கேள்வி பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன். என் சித்தி அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வரக் காரணமே அவர் சொன்ன கதைகள்தான், அதனால் இடையிடையே அவரும் வருவார்.

குழந்தை பிறப்பதற்கு ஏது சீசன்? வருடம் முழுக்கப் பிறந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவில் இல்லை. மருத்துவமனைப் பதிவுகளில் இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிரசவங்கள் கூடுதல், கோடையை ஒட்டிய மாதங்களில் குறைவு. அமெரிக்காவிலும் கோடைக் கடைசியில், ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடுதல். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்து 1995 முதல் 2014 வரையிலான பிறப்புகளைக் கணக்கெடுத்தபோது, அதிகம் பேர் பிறந்த நாள் செப்டம்பர் 26 என்று வந்தது. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் 39 வாரமும் 2 நாளும். மற்றபடி விளக்கம் தேவையில்லை.

கூடுதல் என்றால் இரட்டிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் ஏற்ற இறக்கம் சராசரியிலிருந்து பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், சில இடங்களில் சற்று அதிகம். இந்தப் பத்து சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த மாதங்களில் ஏன் அதிகம்?

பிறந்த மாதத்தைப் பார்ப்பதைவிடக் கரு தரித்த மாதத்தைப் பார்ப்பதுதான் சரி. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுவார்கள். கரு உண்டான நாளிலிருந்து என்றால் சுமார் 266 நாள். "பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்று நம் அம்மாக்கள் சொல்வதும் இதே கணக்குதான். 28 நாளை ஒரு மாதமாக எடுத்துக்கொண்டால் பத்து மாதம் சரியாக 280 நாள். ஒன்பது மாதம் என்பது ஆங்கில மாதக் கணக்கு, இரண்டும் ஒன்றேதான்.

ஆக, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பிறக்கும் குழந்தைகள் நவம்பர் முதல் ஜனவரிக்குள் உருவானவர்கள். வட இந்தியாவில் அது குளிர்காலம், கல்யாண சீசன். வெளியூரில் வேலை பார்க்கும் ஆண்கள் தீபாவளியை ஒட்டி ஊருக்கு வரும் நேரமும்கூட.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பல பத்தாண்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், கடும் வெப்பமான நாட்கள் வந்து எட்டு முதல் பத்து மாதம் கழித்துப் பிறப்புகள் குறைவது தெரிந்தது. அடுத்த மாதங்களில் அந்தக் குறைவின் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. மே மாதத்து இரவில் கரண்டும் போய் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இதை ஆய்வு வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அலுப்பு மட்டும் காரணமில்லை. உடல் சூடு விந்தணுவின் தரத்தைப் பாதிக்கும் என்பதும் தெரிந்த விஷயம்.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களே, அது பிறப்புக் கணக்கில் தெரியுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் வீட்டார் சீர் வைத்து அழைத்துப் போவார்கள், மாப்பிள்ளை இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரை வெயிலில் தாய்க்கும் சேய்க்கும் கஷ்டம் என்று காரணம் சொல்வார்கள். மின்விசிறியும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில், வீட்டில் மருத்துவச்சி பிரசவம் பார்த்த நாட்களில், அதில் நியாயம் இருந்திருக்கிறது.

கணக்கு சரியா என்று பார்ப்போம். ஆடி 1 ஜூலை 17 வாக்கில் வரும். அதனுடன் 266 நாள் கூட்டினால் ஏப்ரல் 9. ஆடி கடைசி ஆகஸ்ட் 16, அது மே 9ல் போய் நிற்கும். பங்குனிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை முழுக்க. பெரியவர்கள் கணக்கு பிசகவில்லை.

வேடிக்கை இனிமேல்தான். ஆவணி பிறந்ததும் பெண் புகுந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆவணி 1, ஆகஸ்ட் 17 என்று வைத்தால் அங்கிருந்து 266 நாள் மே 10. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை ஓடும். சித்திரைக்குப் பயந்து ஒரு மாதம் தள்ளிவைத்தவர்களின் பிள்ளை கத்திரி வெயிலில் வந்து பிறக்க நல்ல வாய்ப்பிருக்கிறது! இதைச் சித்தியிடம் சொன்னபோது, "அதெல்லாம் தெரிஞ்சுதான் அனுப்புனாங்க. மழைக்காலத்து விதைப்பு வேலைக்கு வீட்டில் ஆள் வேணும், மாப்பிள்ளை வயலுக்குப் போகணும், அதுக்கு ஒரு சாக்கு" என்றார். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில் அந்த விளக்கம்தான் எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

சரி, பதிவேட்டில் தெரியுமா என்றால், பெரிய பள்ளம் தெரியக் காரணமே இல்லை. இந்தப் பிரிவு கல்யாணமாகி முதல் ஆடியைச் சந்திக்கும் தம்பதிகளுக்கு மட்டும். அவர்களிலும் தையில், மாசியில் கல்யாணமாகி ஆடிக்குள் உண்டாகிவிட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இரண்டாவது குழந்தைக்கு யாரும் ஆடி பார்ப்பதில்லை. இன்றைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், ஆடிக்கு மூன்று நாள் லீவு போட்டுச் சீரை வாங்கிக்கொண்டு ஒன்றாகவே திரும்பிவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் சிறு கூட்டம், அவர்களும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறார்களே தவிர, காணாமல் போவதில்லை.

கல்யாண மாதங்களின் தடம் இதைவிட அழுத்தமாக விழ வேண்டும். தை 6ல் கல்யாணமாகி உடனே கரு தங்கினால் அக்டோபர் நடுவில் பிரசவம். வைகாசிக் கல்யாணம் என்றால் பிப்ரவரி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. அதனால் தலைப்பிரசவங்கள் திட்டுத்திட்டாக வருகின்றன.

சித்திரையில் பிறந்தால் உண்மையிலேயே ஆகாதா?

"சித்திரை மாதத்தில் பிறந்த சீர்கேடனும் இல்லை, ஐப்பசி மாதத்தில் பிறந்த அதிர்ஷ்டவானும் இல்லை" என்று ஒரு பழமொழியே இருக்கிறது. இந்தக் கேள்வி நம் முன்னோர்களுக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும்.

வெயில் வேறு விஷயம், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2024ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. கர்ப்பிணியை வெயிலில் நிற்கவிடாதே என்பதை நம்பிக்கையாக இல்லாமல் மருத்துவ அறிவுரையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்கிறார்களே, அதனால் வார்டில் கூட்டம் கூடுமா?

கூடும். மாதத்தைவிட நாளைத்தான் இது அதிகம் ஆட்டிவைக்கிறது.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியச் சராசரி 21.5தான். இந்த சிசேரியன்களில் ஒரு பகுதி அவசரத்துக்குச் செய்வது, அதற்கு நேரம் பார்க்க முடியாது. மீதி முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வது. நாள் குறிக்கலாம் என்று வந்துவிட்டால், நம் ஊரில் யார்தான் சும்மா குறிப்பார்கள்? அஷ்டமி, நவமி கூடாது. ராகுகாலம், எமகண்டம் கூடாது. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற ஒற்றை வரிக்காக மூல நட்சத்திரமே கூடாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுகிற சில மணி நேரத்தில் எல்லோரும் வந்து நிற்பார்கள். காலை ஆறே முக்காலுக்கு ஒரே ஆபரேஷன் தியேட்டருக்கு மூன்று குடும்பங்கள் நேரம் குறித்துக்கொண்டு வந்த கதையைச் சித்தி சொல்லியிருக்கிறார். மூவருக்கும் அது ஒரே ஜோசியர் கொடுத்த நேரம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 2024 ஜனவரி 22, அயோத்தி ராமர் கோயில் பிராணப் பிரதிஷ்டை நாள். அன்றைக்கே குழந்தை பிறக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்தில் பல குடும்பங்கள் மருத்துவர்களிடம் கேட்டதாகச் செய்திகள் வந்தன.

மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் மருத்துவர் சொல்லும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்தால் சண்டை இல்லை. ஜோசியர் சொன்ன நாளுக்காக இரண்டு வாரம் முன்னால் இழுப்பது வேண்டாம்.

எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் அதிகம்?

ஞாயிற்றுக்கிழமை குறைவு, வார நாட்களில் அதிகம். பல நாடுகளிலும் இப்படித்தான். குழந்தைக்குக் கிழமை தெரியாது, ஆபரேஷன் பட்டியலுக்குத் தெரியும்.

நேரத்தைப் பற்றி இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை நடந்த சுமார் 50 லட்சம் பிரசவங்களை ஆராய்ந்தார்கள். தானாக வலி வந்து சுகப்பிரசவமானவை நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் அதிகம், உச்சம் அதிகாலை நான்கு மணி வாக்கில். திட்டமிட்ட சிசேரியன்கள் வார நாட்களின் காலையில். எல்லாவற்றையும் சேர்த்தால் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், அலுவலக நேரம் என்று நாம் சொல்லும் நேரத்துக்கு வெளியேதான் பிறந்திருக்கிறார்கள்.

"பகலெல்லாம் தியேட்டர் பக்கம் ஓட்டம், ராத்திரியெல்லாம் லேபர் ரூம் பக்கம் ஓட்டம்" என்று சித்தி சொன்னது இதைத்தான். நைட் டூட்டியில் ஆட்கள் குறைவு, வலியோடு வருகிறவர்கள் அதிகம். ஒரு மகப்பேறு வார்டின் உண்மையான நெருக்கடி இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், ஆனால் மாதத்தைக் கேட்பவர்கள் யாரும் மணியைக் கேட்பதில்லை.

அமாவாசை, பௌர்ணமிக்கு வலி வருமாமே?

நர்ஸுகளிலும் நிறையப் பேர் நம்புவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1997 முதல் 2001 வரை 62 பௌர்ணமிச் சுற்றுகளில் பிறந்த 5,64,039 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். நிலவுக்கும் பிரசவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பௌர்ணமியன்று வார்டு நிரம்பினால் ஞாபகம் இருக்கும், சதுர்த்தியன்று நிரம்பினால் மறந்துவிடும், அவ்வளவுதான்.

புயல், மின்தடை, ஊரடங்கு வந்தால் ஒன்பது மாதம் கழித்துப் பிரசவ அலை வருமா?

இந்தக் கதைக்கு ஒரு ஊற்றுக்கண் இருக்கிறது. 1965 நவம்பர் 9 அன்று நியூயார்க் நகரமே இருட்டில் மூழ்கியது. அடுத்த ஆகஸ்டில், சில மருத்துவமனைகளில் பிரசவம் கூடிவிட்டது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. நல்ல கதை, அதனால் பரவிவிட்டது. 1970ல் ரிச்சர்ட் உட்ரி என்ற ஆய்வாளர் நகரத்தின் மொத்தப் பதிவுகளையும் எடுத்து, முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறப்புகள் கூடியிருக்கவே இல்லை. கதை மட்டும் சாகவில்லை.

புயலைப் பற்றியும் அமெரிக்கக் கடலோர மாவட்டங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். லேசான எச்சரிக்கை வந்து எல்லோரும் வீட்டோடு இருந்தால் ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் சற்றுக் கூடுகின்றன, கடுமையான எச்சரிக்கை வந்தால் குறைகின்றன. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற மழை வேறு, 2015 டிசம்பரில் சென்னை பார்த்த மழை வேறு. தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் யாருக்கு என்ன தோன்றும்?

2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது, வருடக் கடைசியில் பிரசவ வெள்ளம் என்று மீம் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. அமெரிக்கா, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாவற்றிலும் 2020 டிசம்பர், 2021 ஜனவரியில் பிறப்புகள் சரிந்தன. வேலை போகுமோ, நோய் வருமோ என்று கிடந்தவர்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிவைத்தார்கள். அந்த 2020 மே மாதத்தில், பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட மார்ச் 11ல் இருந்து 40 வாரத்தில் இந்தியாவில் சுமார் 2 கோடி குழந்தைகள் பிறக்கும் என்று யுனிசெஃப் சொன்னதை, ஊரடங்கின் விளைவு என்று சில ஊடகங்கள் தலைப்புப் போட்டன. 40 வாரத்தில் இந்தியாவில் வழக்கமாகவே அந்த அளவில்தான் பிறக்கும். அதுவும் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஊரடங்குக்கு முன்பே வயிற்றில் இருந்தவர்கள்!

நம்பிக்கையால் ஒரு நாட்டின் பிறப்பு விகிதமே மாறியதுண்டா?

உண்டு, ஜப்பானில். அவர்களுடைய அறுபது வருடச் சுற்றில் "தீக்குதிரை" வருடம் என்று ஒன்று வரும். அந்த வருடத்தில் பிறக்கும் பெண் முரட்டுக் குணத்தோடு இருப்பாள், கணவனுக்கு ஆகாது என்று நம்பிக்கை. நம் மூலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1965ல் அங்கே சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். தீக்குதிரை வருடமான 1966ல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம், கால்பங்கு காணோம். 1967ல் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு வருடம் பிரசவ வார்டுகள் வெறிச்சோடி, மறு வருடம் மூச்சுமுட்டியிருக்கும். பிறகு பள்ளிக்கூட வகுப்புகளிலும் அதே மேடுபள்ளம்.

அடுத்த தீக்குதிரை 2026. நம்முடைய அறுபது வருடக் கணக்கிலும் 1966ல் தொடங்கியது பராபவ, 2026ல் தொடங்குவதும் பராபவ. நல்லவேளை, பராபவ பற்றி நம்மவர்களுக்கு யாரும் எதுவும் கிளப்பிவிடவில்லை.

பணமும் இதைச் செய்யும். 2004 ஜூலை 1 முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3,000 டாலர் என்று ஆஸ்திரேலிய அரசு முன்கூட்டியே அறிவித்தது. ஜூன் கடைசியில் நடக்க வேண்டிய பிரசவங்களில் ஆயிரத்துக்கு மேல் ஜூலைக்குத் தள்ளிப்போயின என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வலியைத் தள்ளிவைக்க முடியாது, ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைக்கலாம்.

அப்படியானால் வார்டு நிரம்புவதற்கு உண்மையான காரணம்தான் என்ன?

பெரும்பாலும் தற்செயல். கேட்க ஏமாற்றமாக இருக்கும், கணக்கைப் பாருங்கள்.

ஒரு மாவட்ட மருத்துவமனையில் சராசரியாக ஒரு நாளைக்கு 9 பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் வலி தனித்தனியாக வருகிறது, ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கு வருவதில்லை. இப்படித் தனித்தனியாக நிகழ்பவற்றுக்குப் புள்ளியியலில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. அதன்படி, எந்த சீசனும் இல்லாவிட்டாலும்கூட, வருடத்தில் சுமார் 15 நாட்கள் 15 அல்லது அதற்கு மேற்பட்ட பிரசவங்கள் நடக்கும். சுமார் எட்டு நாட்கள் மூன்று அல்லது அதற்கும் கீழே. முன்பு சொன்ன பத்து சதவீத சீசன் ஏற்றம் 9ஐ 10 ஆக்கும், தற்செயல் அதை 15 ஆக்கிவிடும். 15 வந்த நாள் விஜயதசமியாக இருந்துவிட்டால் விஜயதசமிக்குப் பெயர் போய்விடும், கார்த்திகையாக இருந்தால் கார்த்திகைக்கு.

பெரிய மருத்துவமனைக்கு இந்த ஆட்டம் குறைவு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844ல் தொடங்கியது, ஊரில் உள்ள சிக்கலான கேஸ்கள் பலவும் அங்கேதான் வரும். அந்த மாதிரி இடத்தில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, தினமும் கூட்டம்தான். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு என்று பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஒரு ராத்திரி நான்கு பேர் வந்து நின்றால் கை ஓயும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது பெரிய சாதனை. ஆனால் முறை என்றால் ஒரு நேரத்துக்கு ஒருவர். நான்கு பேருக்கு ஒருவர்.

அடுத்தது, படுக்கை. பிரசவ எண்ணிக்கை வேறு, படுக்கை நிரம்புவது வேறு. மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவச உணவு சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரை, சிசேரியனுக்கு 7 நாள் வரை. அதையே தங்கும் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 9 பிரசவத்தில் 4 சிசேரியன் என்றால், 4க்கு 7 நாள் வீதம் 28 படுக்கை, மீதி 5 பேருக்கு 15 படுக்கை, மொத்தம் 43. அதே 9ல் சிசேரியன் 6 ஆனால் 42ம் 9ம் சேர்ந்து 51. ஒரு குழந்தைகூடக் கூடுதலாகப் பிறக்காமல் எட்டுப் படுக்கை போய்விட்டது. சீசனின் பத்து சதவீதம் நான்கு படுக்கையைத்தான் கேட்கும். வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், என்ன மாதம் என்று கேட்காமல் எத்தனை சிசேரியன் என்று கேளுங்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் கூட்டம் ஊர் மாறுமா?

நன்றாகவே மாறும். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை சென்னையில் செக்கப், ஸ்கேன் எல்லாம் பார்த்தவளுக்குப் பிரசவம் திருநெல்வேலியில். பிறப்பைப் பதிவு செய்வதும் பிறந்த இடத்தில்தான். ஒரு ஊரின் பிறப்பு எண்ணிக்கையில் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை, அந்த ஊரில் பிறந்து வெளியே வாழ்க்கைப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள். இடம் மாறும்போது பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போவது முக்கியம். புது ஊரில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மழைக்காலத்தில் தேதி வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டெங்கு கூடும் காலமும் அதுதான். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் தேங்கும் பகுதியில் வீடு இருந்தால், தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். 108க்கு அழைக்கலாம்தான், ஆனால் இடுப்பளவு தண்ணீரில் ஆம்புலன்ஸ் நீந்தாது.

எனக்குக் குறித்த தேதி கூட்டமான மாதத்தில் வருகிறது. என்ன செய்வது?

தேதிக்காகப் பயப்பட வேண்டாம். குறித்த தேதியிலேயே சரியாகப் பிறப்பவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரம் முன்பின் வருவார்கள். வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணைப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வேறு இடத்துக்கு ரெஃபர் செய்வதாக இருந்தால் காரணத்தையும், எங்கே என்பதையும் கேட்டு, ஆம்புலன்ஸில் அனுப்பச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது சில. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் கிடைக்கும் பிக்மி எண்ணை வாங்கிவிட்டீர்களா பாருங்கள், பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் அது வேண்டும். உங்கள் ஊருக்கு அருகில் 24 மணி நேரமும் ஆபரேஷன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள அவசர மகப்பேறு மையம், அதாவது ஊரில் சீமாங்க் என்று சொல்வது, எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வெளியிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். அறைக்கு ஏசி உண்டா என்று எல்லோரும் கேட்கிறோம், இதை யாரும் கேட்பதில்லை.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். ராகுகாலம் முடியட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிச் சித்தி சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும்.

எங்கள் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா எல்லோருக்கும் பிறந்தநாள் மே, ஜூனில் வருகிறதே. அந்தக் காலத்தில் அதுதான் சீசனா?

அது பள்ளிக்கூட சீசன். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவலாகாத காலத்தில், ஜூனில் பள்ளி திறந்ததும் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். பையன் தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் வயது சரி. சேர்க்கைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே, வாத்தியார் அதற்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ல் வந்தது, இப்போது 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், சான்றிதழில் நாள் மட்டுமல்லாமல் மருத்துவமனையின் பெயரும் இருக்கும். தாத்தாவுக்கு இருப்பது வாத்தியார் பேனா மட்டும். எங்கள் பெரியப்பா இருவரின் சான்றிதழைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம். ஆச்சியிடம் கேட்டபோது, "பெரியவன் கார்த்திகை தீபத்தன்னிக்கு, அடுத்தவன் அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு நெல் அறுப்பப்போ" என்றார்.